சிசிஆரின் ‘குரோனிக்கிள்’: தேடுவது, வாங்குவது, கேட்பது

அமெரிக்க ராக் இசைக்குப் புதியவரா? எங்கே தொடங்குவது என்று குழம்புகிறீர்களா? கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல், சுருக்கமாகச் சிசிஆர் என்ற கலிஃபோர்னியக் குழுவின் ‘குரோனிக்கிள்’ தொகுப்பில் தொடங்குங்கள். 1976இல் வெளிவந்தது. 20 பாட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 1968 முதல் 1972 வரை அந்தக் குழு சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு இசைத்தட்டாக, வெளியிட்டவற்றில் முக்கியமான அத்தனையும் இதில் இருக்கிறது.

சொல்ல எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரே மாதிரிப் பெயர்களுக்கு நடுவே சரியான தொகுப்பைக் கண்டுபிடித்து, நல்ல நிலையில் இருக்கும் எல்பியை, அதாவது பெரிய வினைல் இசைத்தட்டைத் தேடி, அதை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கேயும் ஒரே இடத்தில் இந்த விவரம் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. குழுவின் வரலாறு வேண்டுமென்றால் வேறு இடங்களில் தாராளமாகக் கிடைக்கும், இங்கே தேடாதீர்கள்.

1. முதலில் பெயரைச் சரிபாருங்கள்

ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். குழுவின் பெயரில் கடைசிச் சொல் ‘ரிவைவல்’. ‘கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவிசிட்டட்’ என்று ஒன்று கண்ணில் பட்டால் அது வேறு. மூலக் குழுவின் பேஸ் கிடார் கலைஞர் ஸ்டூ குக்கும் டிரம்மர் டக் கிளிஃபோர்டும் 1995இல் தொடங்கிய மேடைக்குழு அது. பாட்டுகள் அவையேதான், ஆனால் பாடுவது சிசிஆரின் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி அல்ல. சிசிஆரின் பாதி மதிப்பு ஃபோகர்ட்டியின் அந்தக் கரகரத்த குரலில் இருக்கிறது. அது இல்லாத பதிவை முதலில் கேட்டால், ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று தோன்றிவிடும்.

இரண்டாவது குழப்பம், ஃபோகர்ட்டியே பாடிய புதுப் பதிவுகள். 2025இல் அவர் பழைய சிசிஆர் பாடல்களை மறுபடி பதிவுசெய்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். மோசமில்லை. ஆனால் எண்பது வயதுக்காரர் தன் இருபதுகளின் பாட்டைத் திரும்பப் பாடுவது அது. அதன் சுவாரசியம் மூலத்தைக் கேட்டவருக்குத்தான் பிடிபடும்.

மூன்றாவது, மற்றத் தொகுப்புகள். ‘கிரீடன்ஸ் கோல்டு’ 1972இல் வந்தது, எட்டே பாட்டு. ‘மோர் கிரீடன்ஸ் கோல்டு’ அடுத்த ஆண்டு. பழைய இசைத்தட்டுக் கடைகளில் இவை மலிவாகக் கிடைக்கும், அட்டையும் கவர்ச்சியாக இருக்கும். முழுப் படம் வேண்டுமென்றால் இவை போதாது. 1986இல் வந்த ‘குரோனிக்கிள்’ இரண்டாம் தொகுதியையும் முதல் தொகுதி என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். அதில் ‘பிரவுட் மேரி’யும் இல்லை, ‘பேட் மூன் ரைசிங்’கும் இல்லை.

எல்பி என்றால் சரிபார்க்க ஒரு சுருக்கவழி: ஃபேன்டசி நிறுவனத்தின் அமெரிக்கப் பதிப்பில் பட்டியல் எண் சிசிஆர்-2. இரட்டைத்தட்டு, 20 பாட்டு. பட்டியலின் முதல் பாட்டு ‘சூசி கியூ’, கடைசிப் பாட்டு ‘சம்டே நெவர் கம்ஸ்’. இவை பொருந்தினால் சரி.

2. காசு செலவழிக்கும் முன் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்

எந்த ஸ்ட்ரீமிங் செயலியிலும் இந்தத் தொகுப்பு கிடைக்கும். இலவசக் கணக்கே போதும், ஆனால் ஒரு நிபந்தனை: பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். இலவசக் கணக்கில் அதை அணைக்க முடியாவிட்டால் யூடியூபில் பாட்டுகளை வரிசைப்படி ஓட விடுங்கள்.

ஏன் இந்த வரிசை இவ்வளவு முக்கியம்? பாட்டுகள் வெளிவந்த கால ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதோடு, சிசிஆர் அடிப்படையில் ஒரு சிங்கிள் குழு. சிறு இசைத்தட்டின் ஒரு பக்கம் ஹிட், மறுபக்கம் ஒப்புக்கு ஒரு பாட்டு என்பதுதான் அன்றைய வழக்கம். இவர்கள் இரண்டு பக்கத்திலும் நல்ல பாட்டை வைத்தார்கள். ‘பேட் மூன் ரைசிங்’கின் மறுபக்கம் ‘லோடை’. ‘டவுன் ஆன் தி கார்னர்’ பாட்டின் மறுபக்கம் ‘ஃபார்ச்சுனேட் சன்’. இப்படி 1969இலிருந்து 1971 தொடக்கம் வரை அடுத்தடுத்து ஏழு சிங்கிள்களின் இரண்டு பக்கங்களும், அதாவது 14 பாட்டுகள், இந்தத் தொகுப்பில் அப்படியே இருக்கின்றன. இரண்டு ஆண்டுக்குள் செய்த வேலை இது! மற்றக் குழுக்களின் ‘சிறந்தவை’ தொகுப்புகளில் ஒரு நல்ல பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் இடையே நிரப்புப் பாட்டு ஒன்றைத் தாண்டியாக வேண்டும். இதில் தாண்ட ஒன்றும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. இவ்வளவு இருந்தும் அமெரிக்காவின் பில்போர்டு சிங்கிள் பட்டியலில் இவர்கள் ஒருமுறைகூட முதலிடம் பிடிக்கவில்லை. ஐந்து சிங்கிள்கள் இரண்டாம் இடம் வரை போய் நின்றன.

முதல் சுற்றில் என்ன கவனிக்கலாம்:

நீளத்தை. ‘ட்ராவலின் பேண்ட்’ இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும். ‘ஃபார்ச்சுனேட் சன்’, ‘பேட் மூன் ரைசிங்’ இரண்டும் இரண்டரை நிமிடத்துக்குள். அதே காலத்தில் அதே சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் மற்றக் குழுக்கள் அரை மணி நேரம் ஒரே பாட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது இவர்கள் வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். புதியவருக்கு இது பெரிய வசதி. ஒரு பாட்டு பிடிக்கவில்லையா, அதைப் பற்றி முடிவெடுப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

கிடாரை. சுலபமான ஸ்வரக்கோவைகள். கிடார் கற்கத் தொடங்கியவர்கள் முதல் சில மாதங்களிலேயே வாசிக்க முயலும் பாட்டுகள் இவற்றில் நிறைய உண்டு. டிரம்மும் பேஸும் நேர்கோட்டில் போகும், ஆர்ப்பாட்டமே இல்லை.

வரிகளை. இதை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளி வைக்கலாம், ஆனால் தவற விடாதீர்கள். ‘ஃபார்ச்சுனேட் சன்’ கொண்டாட்டப் பாட்டு போல ஒலிக்கும், தேசபக்திக் கூட்டங்களில்கூடப் போடுகிறார்கள். அது வியட்நாம் போருக்கு ஏழை வீட்டுப் பிள்ளைகள் போக, பெரிய இடத்துப் பிள்ளைகள் தப்பித்துக்கொண்டதைத் திட்டும் பாட்டு. ‘ஹேவ் யூ எவர் சீன் தி ரெயின்’ மழைப் பாட்டு என்று நினைத்துத்தான் பலர் ரசிக்கிறார்கள். குழு உச்சத்தில் இருந்தபோதே உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்ததைப் பற்றியது என்று ஃபோகர்ட்டியே சொல்லியிருக்கிறார். அவருடைய அண்ணன் டாம் அந்தச் சமயத்தில்தான் விலகினார். தொகுப்பில் அதற்கு முந்தைய பாட்டுகளின் துள்ளலைக் கேட்டுவிட்டு இந்த இடத்துக்கு வரும்போது வேறு மாதிரிக் கேட்கும். ஷஃபிளில் போட்டால் இது கிடைக்காது என்பதற்காகத்தான் அவ்வளவு வற்புறுத்தினேன்.

குறிப்பு: இரண்டு பாட்டுகள் வெட்டப்பட்டவை. ‘சூசி கியூ’ மூல ஆல்பத்தில் எட்டரை நிமிடம், இங்கே அதில் ஏறக்குறைய பாதிதான். ‘ஐ ஹெர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்’ மூலத்தில் 11 நிமிடம், தொகுப்பின் எல்பியில் நான்கு நிமிடத்துக்குள் முடியும். நீங்கள் கேட்கும் பதிப்பில் எது இருக்கிறது என்பதை நேரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இது குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் தடவை கேட்பவரை 11 நிமிட கிடார் வாசிப்பில் மாட்டிவிடாமல் இருந்ததே நல்லது.

3. எந்த வடிவம் வாங்குவது

ஸ்ட்ரீமிங்கோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் செலவே இல்லை, 7ஆம் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

சிடி: மலிவு, ஒரே தட்டில் அடங்கும், அஞ்சலில் உடைவதும் குறைவு. அமெரிக்கக் கடைகளில் பழைய சிடி ஐந்து டாலர் அளவில் கிடைக்கும். இன்று யாரும் மதிக்காத வடிவம் என்பதால் விலை இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

எல்பி: புதிய மறுபதிப்பு இரட்டைத்தட்டு அமெரிக்காவில் பொதுவாக 25 முதல் 35 டாலர். பழையது நிலையைப் பொறுத்து 10 முதல் 25. இது அரிய தட்டு அல்ல என்பதை நினைவில் வையுங்கள். பல ஆண்டுகளாக விற்றுக்கொண்டே இருக்கும் ஆல்பம், பிரதிகள் கொட்டிக் கிடக்கின்றன. ‘அரிய பதிப்பு’ என்று யாராவது 100 டாலர் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

எல்பியை ஓட்டும் டர்ன்டேபிள் இல்லாதவர்கள் இந்த ஒரு தட்டுக்காக அதை வாங்க வேண்டாம். சூட்கேஸ் வடிவில் வரும் மலிவு பிளேயர்களில் பலவற்றின் ஊசி தட்டை அதிக எடையோடு அழுத்தும், நாளடைவில் தட்டு தேயும். நல்ல டர்ன்டேபிளுக்குப் பணம் சேரும் வரை சிடியே போதும்.

4. பழைய எல்பி என்றால் தரக்குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டிஸ்காக்ஸ் போன்ற இசைத்தட்டு விற்பனைத் தளங்களில் விற்பவர்கள் தட்டுக்கு ஒரு தரம், அட்டைக்கு ஒரு தரம் என்று தனித்தனியே கொடுப்பார்கள். இரண்டையும் பாருங்கள். பளபளக்கும் அட்டைக்குள் கீறல் விழுந்த தட்டு இருப்பது சாதாரணம்.

மேலிருந்து கீழே வரிசை இது: மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, ஜி. இதில் பொறி எங்கே என்றால் கடைசியில். ‘ஜி’ என்றால் ‘குட்’, ஆனால் அது நல்ல தட்டு இல்லை. பாட்டு முழுக்கச் சரசரக்கும். ‘விஜி’, அதாவது ‘வெரி குட்’ என்பதிலும் இரைச்சல் நன்றாகவே கேட்கும். வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது விஜி பிளஸுக்குக் கீழே இறங்காதீர்கள். தட்டில் மிச்சம் பிடிக்கும் ஐந்து டாலர், அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இந்த ஆல்பம் பல வீடுகளில் விருந்துக்கும் கொண்டாட்டத்துக்கும் தேயத் தேய ஓடியது. அதனால் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தட்டைக் கண்ணால் மட்டும் பார்த்தீர்களா, ஓட்டியும் பார்த்தீர்களா? நான்கு பக்கத்திலும் ஊசி துள்ளும் இடம் உண்டா? இரண்டு தட்டும் ஒரே செட்டா? கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் இரட்டைத்தட்டில் ஒன்று உடைந்து, வேறு பிரதியிலிருந்து மற்றொன்றைச் சேர்த்து விற்பதும் உண்டு. பதில் எழுத்தில் வரட்டும், பிறகு தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

நேரில் போகும் வாய்ப்பு இருந்தால் அதற்கு ஈடு இல்லை. வேலை விஷயமாகச் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் போகிறவர்கள், அங்கே ஹேட் தெருவிலும் பக்கத்தில் பெர்க்லியில் டெலிகிராஃப் அவென்யூவிலும் உள்ள அமீபா இசைத்தட்டுக் கடைகளில் பாருங்கள். சிசிஆர்காரர்கள் பெர்க்லிக்கு அருகில் உள்ள எல் செரிட்டோ ஊர்க்காரர்கள், சொந்த மண்ணில் இவர்கள் தட்டுக்குப் பஞ்சமிருக்காது. தட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் காதிலும் கேட்கும். விலைச்சீட்டில் விற்பனை வரி சேர்ந்திருக்காது, பில் போடும்போது ஏறும்.

5. இந்தியாவுக்கு வரவழைத்தால்: ஆவணம், செலவு, காலம்

அ) வங்கிக் கார்டைத் தயார் செய்யுங்கள். பல இந்திய டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் போய் அதை இயக்கி, வரம்பும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி முடித்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள். அந்நியச் செலாவணி மாற்றுக்கு வங்கி மூன்று சதவீதம் போல எடுக்கும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆ) பெயர். நம்மூர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இது. கடைத்தளத்தில் ‘செ. முருகன்’, ஆதாரில் ‘முருகன் செல்வராஜ்’, பான் கார்டில் ‘செல்வராஜ் முருகன்’ என்று இருந்தால் கூரியரின் கேஒய்சி சரிபார்ப்பில் பொதி நிற்கும். எந்த அடையாளச் சான்றைக் கொடுக்கப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து ஆர்டர் போடுங்கள். இனிஷியலை விரித்து எழுதுங்கள். கைப்பேசி எண்ணும் பின்கோடும் முகவரியில் கட்டாயம் இருக்கட்டும்.

இ) தயாராக வைக்க வேண்டியவை: அடையாளச் சான்றின் நகல், விற்பவரின் பில், பணம் கட்டியதற்கான சான்று, பொருளின் பக்கத்தை எடுத்த பிடிஎஃப். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். கூரியர் நிறுவனம் இணைப்பு அனுப்பும்போது தேடிக்கொண்டு நின்றால் நாள் கடக்கும், சேமிப்புக் கட்டணமும் ஏறலாம்.

ஈ) வரி. சுங்க வரியும் அதன் மேல் ஜிஎஸ்டியும் உண்டு. தட்டின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்த மதிப்புக்குத்தான் கணக்கிடுவார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியது, ஆர்டர் போடும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கூரியராக இருந்தால் தனியாகக் கையாளும் கட்டணமும் வரும். ‘பரிசு என்று எழுதி அனுப்புங்கள்’ என்று விற்பவரிடம் கேட்காதீர்கள். பில் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள், பொதி தொலைந்தால் உண்மையான விலையைக் கோரவும் முடியாது.

உ) அனுப்பும் செலவு. இரட்டைத்தட்டு, அட்டை, பெட்டியோடு அரைக்கிலோவைத் தாண்டிவிடும். அமெரிக்காவிலிருந்து வரும்போது தட்டின் விலையைவிட இதுவே அதிகமாகும். அதனால் ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்று தட்டுகளைச் சேர்த்து எடுங்கள், ஒரு தட்டுக்கான செலவு குறையும். ‘மீடியா மெயில்’ என்ற மலிவுக் கட்டணம் அமெரிக்காவுக்குள் மட்டும்தான் செல்லும். அங்கே உறவினர் இருந்தால் அவர்கள் முகவரிக்கு அந்த வழியில் வரவழைத்து, ஊருக்கு வரும்போது கைப்பையில் கொண்டுவரச் சொல்லலாம். செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

ஊ) காலம். கூரியர் ஒன்றிரண்டு வாரம், அஞ்சல் பல வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் எல்லாமே தாமதம். கத்திரி வெயிலில் வந்துசேரும்படி ஆர்டர் போடாதீர்கள். டெலிவரி வண்டிக்குள் மதிய வெயிலில் கிடக்கும் தட்டு வளைந்துவிடும், அதற்கு வைத்தியம் இல்லை. எங்கள் வீட்டுக்கு ஒருமுறை அப்படி அலை அலையாக வளைந்த தட்டுதான் வந்தது. விற்றவர் ‘நான் அனுப்பும்போது நேராக இருந்தது’ என்றார், வாதாடிப் பயனில்லை.

எ) போலிச் செய்தி. பொதிக்காகக் காத்திருக்கும் நாட்களில் ‘சுங்கத் தொகை பாக்கி, இந்த இணைப்பில் கட்டுங்கள்’ என்று எஸ்எம்எஸ் வரும். தொகை சிறியதாக இருக்கும், அதனால் சந்தேகம் வராது. கட்டாதீர்கள். கண்காணிப்பு எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். அஞ்சலில் வந்தால் வரித் தொகையைப் பொதியைக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வதுதான் வழக்கம்.

6. பெட்டி வந்ததும்

ஆர்டர் போடும்போதே விற்பவருக்கு ஒரு வரி எழுதுங்கள்: தட்டுகளை அட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டையின் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பயணத்தில் தட்டு குலுங்கி அட்டையின் விளிம்பைக் கிழிப்பது இதனால் தவிரும். நல்ல விற்பனையாளர்கள் கேட்காமலே செய்வார்கள்.

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அன்றே நான்கு பக்கத்தையும் ஓட்டிப் பாருங்கள். பேபால் வழியாகக் கட்டியிருந்தால் புகார் கொடுக்க 180 நாள் வரை உண்டு, ஆனால் தாமதித்தால் ‘உங்கள் வீட்டில்தான் கீறல் விழுந்தது’ என்பார்கள்.

துடைக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். காய்ச்சி வடித்த நீர், மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, கார்பன் ஃபைபர் தூரிகை இவை போதும். நிமிர்த்தி அடுக்குங்கள், படுக்க வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது.

7. அடுத்து எதை வாங்குவது

இங்கே பெரும்பாலானவர்கள் ‘காஸ்மோஸ் ஃபேக்டரி’யைச் சொல்வார்கள். 1970இல் வந்தது, குழுவின் மிகச் சிறந்த ஆல்பம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பணக்கணக்கு வேறு. அதில் உள்ள 11 பாட்டில் ஏழு ஏற்கெனவே ‘குரோனிக்கிள்’ தொகுப்பில் இருக்கின்றன. புதிதாகக் கிடைப்பது நான்கும், ‘கிரேப்வைன்’ பாட்டின் முழு வடிவமும்தான். ஸ்ட்ரீமிங்கில் ‘ரேம்பிள் டாம்பிள்’ பாட்டைக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

செலவுக்குத் தக்க வரவு வேண்டுமென்றால் ‘பேயூ கன்ட்ரி’. ஏழு பாட்டு, அதில் ‘பிரவுட் மேரி’ ஒன்று மட்டும்தான் திரும்ப வரும். ‘குரோனிக்கிள்’ முதல் தொகுதியில் விடுபட்டவற்றில் எனக்கு உறுத்தும் ‘பார்ன் ஆன் தி பேயூ’வும் இதில் உண்டு. ‘பிரவுட் மேரி’ சிங்கிளின் மறுபக்கமாக இருந்தும் அதைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். அடுத்தது ‘வில்லி அண்ட் தி பூர் பாய்ஸ்’, பத்தில் இரண்டுதான் திரும்ப வருபவை. ‘கிரீன் ரிவர்’ ஆல்பத்தின் ஒன்பதில் நான்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

நேரலை வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை. 1980இல் ‘ராயல் ஆல்பர்ட் ஹால் கான்சர்ட்’ என்ற பெயரில் ஒரு தட்டு வந்தது. பதிவானது லண்டனில் அல்ல, கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில். பிறகு ‘தி கான்சர்ட்’ என்று பெயரை மாற்றினார்கள். உண்மையான ராயல் ஆல்பர்ட் ஹால் பதிவு 2022இல்தான் வெளிவந்தது. பழைய தட்டை லண்டன் பதிவு என்று சொல்லி யாராவது விலையேற்றினால் இதைச் சொல்லுங்கள்.

கடைசி ஆல்பமான ‘மார்டி கிரா’வைக் கடைசியாகவே வாங்குங்கள். 1972இல், டாம் போன பிறகு மூன்று பேராகச் செய்தது. குக்கும் கிளிஃபோர்டும் ஆளுக்குச் சில பாட்டு எழுதிப் பாடியிருக்கிறார்கள். அதில் ஃபோகர்ட்டி எழுதிப் பாடிய இரண்டு நல்ல சிங்கிள்களும் ‘குரோனிக்கிள்’ தொகுப்பின் கடைசி இரண்டு பாட்டாக ஏற்கெனவே உங்களிடம் உண்டு. இரண்டு மூன்று டாலர் பெட்டியில் கண்ணில் பட்டால் எடுங்கள், தேடிப் போக வேண்டாம்.